வலது பக்கம் இளசு

திருவாரூர் அரசு மருத்துவமனை,
ஆண்கள் வார்டு, பதினேழாம் கட்டில்.
எக்ஸ்ரே மெஷின் அன்று படுத்துவிட்டது.
"விரல் இருக்குல்ல, தட்டிப் பாருங்க"
என்று சொல்லிவிட்டு
டீ குடிக்கப் போனார் டாக்டர் இளம்வழுதி.

கேஸ் ஷீட்டில் அதற்கொரு கட்டம்: பெர்கஷன்.
முதல் வாய்மொழித் தேர்வில் அர்த்தம் கேட்டார்கள்.
தாளம் என்றேன். சிரித்தார்கள்.
அன்றிரவு விடுதியில் தேடினேன்.
லத்தீன்காரன் இரண்டு சொல்லை ஒட்டியிருக்கிறான்:
ஊடே; உலுக்கு.
மேலே விழுவதோடு முடிகிற அடி அல்ல அது.
உள்ளே போய், இருப்பதையெல்லாம் அசைத்துவிட்டு
மறுபக்கம் வருகிற அடி.
துப்பாக்கித் தோட்டாவுக்கும் அதே சொல்,
மத்தளத்துக்கும் அதே சொல்,
நெஞ்சுக்கும்.

நமக்கு ஒரு சொல் போதவில்லை.
மேளத்தைக் கொட்டுகிறோம், தேளும் கொட்டுகிறது.
கொள்முதல் நிலைய வாசலில்
கொட்டிவைத்த நெல்மேல்
மழை கொட்டுகிறது.
பறை என்றால் கருவி. பறை என்றால் சொல்லு.
அடி? அதைத் தொடங்கினால் விடிந்துவிடும்.
வெயில் அடிக்கும், போன் அடிக்கும்,
வயலுக்கு மருந்து அடிப்பார்கள்.
இப்போது மெஷின் அறுக்கிறது, மெஷினே உதிர்க்கிறது,
யாரும் கதிரைத் தலைக்குமேல் ஓங்குவதில்லை;
ஆனாலும் கொரடாச்சேரியிலிருந்து போன் செய்கிற அண்ணன்
"பக்கத்து வயல் அடிச்சாச்சு" என்றுதான் சொல்கிறான்.

கமருதீன், முப்பத்து நான்கு, முத்துப்பேட்டை.
தேங்காய் மண்டி.
மூன்று வாரமாய் இருமல், சாயங்காலக் காய்ச்சல்.
சட்டையைக் கழற்றி முதுகு காட்டி உட்கார்ந்தார்.
இடது நடுவிரலை விலா இடுக்கில் படுக்கவைத்து
வலது நடுவிரலால் அதன்மேல் இரண்டு தட்டு.
இடப்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே குரல்:
காற்று வீட்டில்தான் இருக்கிறது.
வலப்பக்கம், பாதி தூரம் இறங்கியதும்
மொத்.
ஒரு விரலிடை கீழே,
மொத்.
சுவரைத் தட்டியதுபோல
என் விரல்தான் வலித்தது.

நான் பேனாவை எடுக்குமுன்
திரும்பாமலே சொன்னார்:
"கணீர்னு கேட்டா முத்தல்.
மொத்துன்னு கேட்டா தள்ளி வெச்சிருவோம்.
வலது பக்கம் இளசு, டாக்டரம்மா. விலை போகாது."
பதினெட்டாம் கட்டில் சிரித்து இருமியது.
அவர் மனைவி ரஹ்மத் சிரிக்கவில்லை.
"எவ்வளவு தண்ணி நிக்குது?"
சரக்கின் எடை கேட்கிற குரல்.

சத்தம் மாறிய இடத்தில்
முதுகில் பேனாவால் ஒரு கோடு போட்டேன்.
கூசியதோ என்னவோ,
"கஜா அடிச்சப்ப,
விழுந்த மரத்தைக் கணக்கெடுக்க வந்தவரும்
இப்படித்தான் ஒவ்வொண்ணுலயும் கோடு போட்டாரு" என்றார்.
எத்தனை மரம் என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
அந்த அடி
இன்னும் மறுபக்கம் வந்து சேரவில்லை.

ஊசி போட்டு எடுத்தோம். ஒரு லிட்டர் இருநூறு.
அதன் நிறத்துக்கு வைக்கோல் என்று
புத்தகத்தில் போட்டிருக்கும்.
பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
தையில் கட்டிய வைக்கோல், மழை படாதது.
புத்தகம் சரிதான்.
மறுநாள் அதே கோட்டுக்குக் கீழே தட்டினேன்,
யாரோ உள்ளிருந்து கதவுவரை வந்ததுபோல் இருந்தது.
"இப்ப?" என்றார்.
"தேறும்" என்றேன்.

இரண்டு மாத மாத்திரை தீர்ந்து
மறுபடி வந்தவர்
லஞ்சமில்லை லஞ்சமில்லை என்று
மூன்று முறை சொல்லி
பன்னிரண்டு தேங்காயை வைத்துவிட்டுப் போனார்.

டூட்டி அறை மேசையில் வரிசையாய் வைத்து,
முதலில் வெறும் விரலால்,
பிறகு இடது நடுவிரலை முறைப்படி படுக்கவைத்து,
ஒவ்வொன்றாய்த் தட்டினேன்.
பன்னிரண்டும் எனக்கு
ஒரே மாதிரிதான் கேட்டன.